தண்ணீர் கலந்த தீர்மானம்

காலைக் கூட்டத்தில் நல்ல முடிவுதான் எடுத்தார்கள். தெலெசானுக்குப் பயம் வந்ததே அதனால்தான்.

எதிரே இருந்த தீவின் குடாவுக்குள் ஏதென்ஸ்காரர்களின் போர்க்கப்பல்கள் ஒதுங்கிக் கிடந்தன. குடாவின் வாய் குறுகல். இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாகப் போனால் துடுப்போடு துடுப்பு உரசும். உள்ளே நுழைய வேண்டாம், வாயை அடைத்துக்கொண்டு வெளியே நிற்போம், அவர்களிடம் இருக்கிற மாவு தீரட்டும் என்று பாரசீகக் கடற்படைத் தலைவர் மித்ரபாதா சொன்னார். கூடாரத்தில் இருந்த கப்பல் தலைவர்கள் எல்லாரும் தாடியைத் தடவிக்கொண்டு ஆமாம் போட்டார்கள். சீதோன் நகரத்து மாகோன், தான் சொல்ல வாயெடுத்ததைத் தலைவரே சொல்லிவிட்டார் என்றான். எந்தக் கூட்டத்திலும் அவன் சொல்வது அதுதான்.

ஆனால் இது பாதி முடிவு. பாரசீகர்கள் எந்தப் பெரிய காரியத்தையும் இரண்டு தரம் தீர்மானிப்பார்கள். ஒரு தரம் தெளிந்த தலையோடு, இன்னொரு தரம் குடித்த தலையோடு. இரண்டிலும் ஒரே பதில் வந்தால் காரியம் நிற்கும். மாறி வந்தால் தலைவர் இஷ்டம். இஷ்டம் என்றுதான் பேர். குடித்தபோது வீரமாக முழங்கிவிட்டு, விடிந்ததும் வேண்டாமென்று விட்டேன் என்று அரசருக்குச் சொல்லி அனுப்ப எந்தத் தலைவருக்கும் தைரியம் கிடையாது. ஆகவே குடித்த தலைதான் கடைசியில் ஜெயிக்கும். போன மாதம் அப்படித்தான் ஒரு பாறைக்கரையில், அலை அடிக்கிற நேரத்தில், கப்பலை ஏற்றினார்கள். முன்னால் போனவர்கள் கரியா நாட்டுக்காரர்கள். இப்போது படையில் கரியா நாட்டுக்காரர்கள் இல்லை.

அடுத்தபடி முன்னால் போக வேண்டியவர்கள் தெலெசானின் ஆட்கள். அர்கேசா என்ற சின்ன ஊர் அவனுடையது. பாரசீகரின் ஆட்சிக்கு உட்பட்ட கிரேக்க ஊர். அங்கிருந்து ஐந்து கப்பல்களோடு வந்திருந்தான். ஐந்து கப்பலுக்கும் துடுப்புப் போட ஊரில் தாடி முளைத்த ஆண்கள் எல்லாரையும் ஏற்றியாகிவிட்டது. அந்தக் குடாவின் வாய்க்குள் ஐந்தும் முதலில் போனால், அர்கேசாவில் அப்புறம் ஆடு மேய்க்கக்கூட ஆள் இருக்காது.

கூடாரத்திலிருந்து கரைக்கு இறங்கினான். அவன் கப்பலின் சுக்கானைப் பிடிக்கிற மோல்பாஸ், மணலில் உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். தெலெசானின் மனைவிக்குத் தம்பி.

“என்ன மச்சான், மூஞ்சி தொங்குது? உள்ள போக வேணாம்னுதானே முடிவாச்சு? கேட்டுட்டு எல்லாப் பயலும் குதிக்கிறானுங்க.”

“தெளிஞ்ச தலைக்கு முடிவாச்சு மாப்ள. சாயங்காலம் குடிச்ச தலை பாக்கி இருக்கு.”

மோல்பாஸ் மெல்லுவதை நிறுத்தினான். “ஐயய்யோ.”

“அந்த மாகோனுக்கு மூணு கிண்ணம் உள்ள போனா போதும். அர்கேசாக்காரனை முன்னாடி விடுங்கன்னு ஆரம்பிச்சிடுவான். போன தடவ கரியாக்காரனுங்களுக்கு ஆரம்பிச்சு வச்சதும் அவன்தான்.”

“பேசாம அந்தப் பக்கம் போயிடலாமா? அங்க பாறை மேல ஏறி நின்னு தெனமும் கூப்பிடுறானுங்களே. ஒரே ரத்தம், ஒரே சாமி, வாங்க அண்ணேன்னு.”

“அவனுங்களுக்கு என்ன, தொண்டைத் தண்ணிதானே செலவு. நம்ம ஊர்க் கோட்டையில பாரசீகச் சிப்பாய் உக்காந்திருக்கான். நாம அந்தப் பக்கம் போன சேதி போய்ச் சேர்ந்த அன்னிக்கு உன் அக்காவை எந்த அடிமைச் சந்தையில தேடுவே?”

மோல்பாஸ் மிச்ச வெங்காயத்தைக் கடித்தான். இதை இருவரும் முன்பே பலமுறை பேசியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இதே இடத்தில் வந்துதான் நின்றது.

“ஆனா அவனுங்களும் உருப்படியா ஒண்ணும் பண்ற மாதிரி தெரியல மச்சான்,” என்றான் மென்றுகொண்டே. “காலைல குன்று மேல ஏறிப் பாத்தேன். அவனுங்கள்ள தெனம் ஒருத்தன் தலைவனாம். நேத்து ஒருத்தன் கப்பலைத் தண்ணில எறக்கினான். இன்னிக்கு இன்னொருத்தன் எல்லாத்தையும் கரைக்கு இழுக்கச் சொல்றான். வெளிய வரணும்னா ஆட்டை வெட்டி ஈரல்ல சகுனம் பாக்குறானுங்க. ஈரல் சரியில்லையாம், உக்காந்துடுறானுங்க.”

“ஆட்டை என்ன பண்றானுங்க?”

“திங்குறானுங்க. வேற என்ன?”

தெலெசான் சிரிக்கவில்லை. அவன் பார்வை தன் கப்பலின் பின்புறத்தில் அடுக்கியிருந்த சாடிகள் மேல் இருந்தது. அர்கேசா கட்டுகிற கப்பத்தில் பாதி திராட்சை மது. படைத் தலைவரின் கூடாரத்துக்கு மது போவது அவன் கப்பலிலிருந்துதான்.

“மாப்ள, நம்ம ஊர்ல எப்படிக் குடிப்போம்?”

“மனுஷன் மாதிரி குடிப்போம். ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி.”

“இவங்க?”

“மாடு மாதிரி. அப்படியே.” அப்புறம்தான் மோல்பாஸுக்கு விஷயம் உறைத்தது. எழுந்து நின்றான். “மச்சான், வேணாம். தலைவர் குடிக்கிற சாடியில கை வச்சா விஷம்னுதான் சொல்லுவாங்க. மூக்கை அறுத்துருவாங்க.”

“மூக்குதானே.”

“உன் மூக்கு பெருசு, கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கும். அடுத்து தலையையும் எடுப்பாங்களே.”

“அதுவும் ஒண்ணுதானே இருக்கு. கரையில எத்தனை தலை கெடக்குது பாரு.”

கரையில் துடுப்புக்காரர்கள் வெயிலில் கவிழ்ந்து படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாயைத் திறந்தபடி. இருவரும் சாடிகளைத் திறந்து வேலையை ஆரம்பித்தார்கள். நிறம் வெளுக்காமல் இருக்கத் திராட்சைப் பாகு ஊற்றினார்கள். உறைப்புக்குக் கொஞ்சம் பைன் பிசின். மோல்பாஸ் விரலை விட்டு நக்கிப் பார்த்தான்.

“உன் கல்யாணத்துல குடுத்ததைவிட நல்லாயிருக்கு,” என்றான்.

வெயில் தாழ்ந்ததும் கூடாரத்தில் கூடினார்கள். பொரித்த ஆட்டுக்கறியும் அத்திப்பழமும் பிஸ்தாவும் தட்டுகளில் இருந்தன. மது ஊற்றுபவன் முதல் கிண்ணத்தைத் தானே குடித்துவிட்டு எல்லார் முன்னாலும் சற்று நேரம் நின்றான். அவன் வேலை சாகிறானா இல்லையா என்று காட்டுவது. ருசி எப்படி என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. அவன் சாகவில்லை. ஊற்ற ஆரம்பித்தான்.

மித்ரபாதா கனத்த உடம்புக்காரர். இமைகள் பாதி மூடியே இருக்கும். விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று பார்க்கிறவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் கிண்ணத்தைக் குடித்தார். இரண்டாவதைக் குடித்தார். கிண்ணத்தின் அடியை ஒருமுறை பார்த்தார். பிறகு பிஸ்தாவை உடைக்கத் தொடங்கினார்.

நான்காவது கிண்ணத்தில் எகிப்துக்காரன் பாட ஆரம்பித்தான். ஐந்தாவதில் சைப்ரஸ் தீவுக்காரன் கூடாரக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செத்துப்போன தன் நாயை நினைத்து அழுதான். மாகோன் எழுந்து நின்றான். ஊதா விளிம்பு வைத்த அங்கி தோளிலிருந்து நழுவியது. ஆடினான். பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

தெலெசான் தன் கிண்ணத்தைப் பார்த்தான். அவனும் அதே சாடியிலிருந்துதான் குடித்தான். அவன் தலை கழுவிவிட்ட பலகை மாதிரி இருந்தது. எல்லாரும் எழுந்து எழுந்து வெளியே போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வந்தார்களே தவிர, இந்த மதுவால் வேறெதுவும் நடக்க வழியில்லை. இது மூணு பங்குத் தண்ணீர். இதைக் குடித்து அவன் ஊரில் கிழவிகள் நூல் நூற்பார்கள்.

“உள்ள போகணும்யா!” என்று கத்தினான் மாகோன். “வெளிய நின்னு காவல் காக்க நாம என்ன நாயா? அரசரோட படைய்யா இது!”

“போகணும்!” என்றான் எகிப்துக்காரன், பாட்டை நிறுத்தாமலே.

“போகணும்,” என்று அழுதான் சைப்ரஸ்காரன்.

“முன்னாடி யாரு?” மாகோன் விரலை நீட்டிக் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். விரல் தெலெசானிடம் வந்து நின்றது. நிற்கும்போது அது கொஞ்சமும் நடுங்கவில்லை. “இந்தா இருக்காரே நம்ம அர்கேசாக்காரரு! கிரேக்கனைப் பத்திக் கிரேக்கனுக்குத்தான் தெரியும். அஞ்சு கப்பலும் முன்னாடி போகட்டும். நாங்க பின்னாடியே வரோம்.”

தெலெசானுக்கு அப்போதுதான் விளங்கியது. குடித்தால் இவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, குடிக்காவிட்டால் பிடிக்காது என்று கணக்குப் போட்டிருந்தான். கணக்கே தப்பு. இவர்கள் யாருக்கும் எந்த நாளும் பைத்தியம் பிடித்ததில்லை. குடித்த கூட்டத்தில் வீரம் பேசினால் தலைவருக்குப் பிடிக்கும், தப்பாகப் போனால் மதுவின் தலையில் போட்டுவிடலாம். ஆகவே ஒவ்வொருவனும் கிண்ணத்தை எண்ணிக்கொண்டிருந்து, தன் முறை வந்ததும் ஆடினான். கரியா நாட்டுக்காரர்களையும் இப்படித் தெளிவாக யோசித்துத்தான் பாறையில் ஏற்றியிருக்கிறார்கள்.

மித்ரபாதா பிஸ்தாத் தோலைக் கீழே போட்டார். தீர்ப்புச் சொல்ல வலது கையைத் தூக்கினார். அந்தக் கை கீழே இறங்கினால் விடியற்காலையில் கப்பல்கள் இறங்கும்.

“ஐயா,” என்றான் தெலெசான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “இந்த முடிவு செல்லாது.”

பாட்டு நின்றது.

“ஏன் செல்லாது?”

“யாரும் குடிக்கல ஐயா. சாடியில மூணு பங்கு தண்ணி. நான்தான் கலந்தேன்.”

வெளியே யாரோ ஒரு கப்பலின் அடியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தது கேட்டது. சைப்ரஸ்காரன் கம்பத்திலிருந்து கையை எடுத்தான். மாகோன் ஆடுவதை நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் நிறுத்தியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். லேசாக ஒருமுறை ஆடிப் பார்த்தான். அது எடுபடவில்லை.

“விஷம்!” என்றான் உடனே. “ஐயா, இவன் விஷம் வச்சிருக்கான்! எனக்குத் தலை சுத்துது!”

“உக்காருய்யா,” என்றார் மித்ரபாதா. “உனக்குத் தலை எப்பவும் தோதான பக்கமாத்தான் சுத்துது.”

தெலெசான் பக்கம் திரும்பினார். இமைகள் இப்போது முழுதாகத் திறந்திருந்தன.

“எதுக்குக் கலந்தே?”

“நீங்க காலைல சொன்னதே சாயங்காலமும் நிக்கட்டும்னு.”

“அதுல உனக்கு என்ன?”

“முன்னாடி போறது என் கப்பல் ஐயா. உள்ள போனா ஒருத்தனும் திரும்ப மாட்டான். என் ஊர்ல வேற ஆம்பள கிடையாது.”

மித்ரபாதா தலையை ஆட்டினார். “ரெண்டாவது கிண்ணத்துலயே எனக்குத் தெரியும். நான் பொறந்ததுலேர்ந்து குடிக்கிறவன். தண்ணி கலந்ததை நாக்கு கண்டுபிடிக்காதா? உன்னை அப்பவே கட்டிப் போடச் சொல்லலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள இவன் பாட ஆரம்பிச்சுட்டான்.” எகிப்துக்காரனைக் காட்டினார். “சரி, என்னதான் நடக்குது பாப்போம்னு விட்டுட்டேன். பத்து வருஷமா இவனுங்க குடிச்சிட்டு மனசுல உள்ளதைக் கொட்டுறானுங்கன்னு நம்பிக் கப்பல் ஓட்டியிருக்கேன்யா நான்.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எகிப்துக்காரன் ஓர் அத்திப்பழத்தை எடுத்து, அதைத் தின்பதா வைப்பதா என்று தெரியாமல் கையில் வைத்திருந்தான்.

“வழக்கம்னா வழக்கம்,” என்றார் மித்ரபாதா. “முடிவு இன்னும் பாதிதான். என் சொந்தச் சாடியைக் கொண்டாங்க. எல்லாருக்கும் நானே ஊத்துறேன். கீழ விழுற வரைக்கும் குடிக்கணும். நீயும்தான்.”

“ஐயா, நாங்க கலக்காம...”

“நீயும்தான்.”

இதுவரை கூட்டங்களில் உதட்டை நனைத்ததோடு நிறுத்தியிருந்த தெலெசான், கலக்காத மதுவை வாழ்க்கையில் முதல்முறையாகக் குடித்தான். தொண்டையில் தீ வைத்துக்கொண்டு இறங்கியது. இரண்டாவது கிண்ணத்தில் உதடு மரத்தது. மூன்றாவதில் கூடாரம் ஒரு கப்பல் என்றும், அதை யாரோ மோசமாக ஓட்டுகிறார்கள் என்றும் தோன்றியது. மித்ரபாதா ஒவ்வொருவனின் எதிரிலும் வந்து நின்று, வாய்க்குள் போகிறதா என்று பார்த்து ஊற்றினார். தாதி போல.

நிஜப் போதையில் யாரும் பாடவில்லை. எகிப்துக்காரன் சத்தமில்லாமல் மூலையில் வாந்தி எடுத்தான். சைப்ரஸ்காரன் தனக்கு நாயே கிடையாது என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். மாகோன் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

“எனக்குப் பயம் ஐயா,” என்றான். “என் கப்பல் உசரம். அந்தச் சந்துல திரும்பாது. உள்ள போகவே கூடாது. ஆனா போகக் கூடாதுன்னு சொல்றவனை நீங்க அரசர்கிட்ட என்னன்னு சொல்லுவீங்க? அதான் நான் எப்பவும் போகணும்னு சொல்லிட்டு வேற எவனையாவது முன்னாடி தள்ளிவிடுறேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க என்னை?”

“எனக்கு நீந்தத் தெரியாது,” என்றார் மித்ரபாதா. அதை யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். “கப்பல் ஆடினா கண்ணை மூடிக்கிறேன். ஆழமா யோசிக்கிறேன்னு நெனச்சுக்கிறானுங்க.” பிறகு தெலெசானைப் பார்த்தார். “நீ சொல்லு. உன் மனசுல என்ன இருக்கு?”

தெலெசான் வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தான். வாய் அவனைக் கேட்கவில்லை.

“நான் அந்தப் பக்கம் போயிடலாம்னு பாத்தேன்,” என்றது. “ஒரு தடவ இல்ல. தெனமும். உங்க மேல விசுவாசம்லாம் ஒரு மண்ணும் கிடையாது. எங்க பொம்பளைங்க உங்க கையில இருக்காங்க. அதுக்குத்தான் இங்க நிக்கிறேன். இல்லேன்னா எப்பவோ போயிருப்பேன். அவனுங்களும் அயோக்கியனுங்கதான். ஆனா போயிருப்பேன்.”

அதற்குப் பிறகு தரை அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது. படுக்க வசதியாக இருந்தது.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. தலைக்குள் யாரோ கப்பல் கட்டினார்கள். எதிரில் மித்ரபாதா முக்காலியில் உட்கார்ந்து, முகம் கழுவி, தாடியில் எண்ணெய் தடவி, மோர் குடித்துக்கொண்டிருந்தார். கூடாரத்தில் வேறு யாரும் இல்லை. வாசலில் இரண்டு ஈட்டிக்காரர்கள் நின்றார்கள்.

“உள்ள போறதில்ல. ரெண்டு தலையும் ஒரே பதில் சொல்லிடுச்சு,” என்றார். “அது முடிஞ்சுது. இன்னொண்ணு பாக்கி இருக்கு. நேத்து நீ ஒண்ணு சொன்னே. குடிச்சிட்டுச் சொன்னது. இப்ப தெளிஞ்சிருக்கே. சொல்லு, கேப்போம்.”

தெலெசான் ஈட்டிக்காரர்களைப் பார்த்தான். ஒருவன் பல்லில் சிக்கியதை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தான். ஒரே பதிலை இரண்டாம் தரமும் சொன்னால் அது நிற்கும். அவன் நிற்க மாட்டான், ஐந்து கப்பலும் நிற்காது.

“என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல ஐயா.”

“கொஞ்சங்கூட?”

“கொஞ்சங்கூட இல்ல.”

மித்ரபாதா மோரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மீசையைத் துடைத்தார்.

“நல்லது. அப்ப அது செல்லாது,” என்றார். “ஆனா உன்னை நான் சண்டை வரிசையில வைக்க முடியாது. என் முதுகுக்குப் பின்னாடியும் வைக்க முடியாது. படைக்குக் குடிதண்ணி கொண்டாற ஆள் இல்ல. தீவோட அந்தப் பக்கம் ஊத்து இருக்கு. உன் அஞ்சு கப்பலும் சாடியை ஏத்திக்கிட்டு அங்க போகட்டும். சண்டை நடந்தாலும் அதே வேலைதான். கொள்ளை கெடச்சா பங்கு கெடையாது. அரசருக்கு எழுதுறப்ப உன் ஊர்ப் பேரு வராது.”

“சரி ஐயா.”

“மூக்கைப் பத்தி யோசிச்சேன். தண்ணி சுமக்கிறவனுக்கு மூக்கு இருந்துட்டுப் போகட்டும்.”

தெலெசான் கரைக்கு இறங்கிப் போய்ச் சொன்னபோது, துடுப்புக்காரர்கள் முதலில் நம்பவில்லை. நம்பியதும் கத்த ஆரம்பித்தார்கள். போர்க்கப்பலில் தண்ணீர்ச் சாடியா? சீதோன்காரன் சிரிப்பானே, ஊருக்குப் போய் என்னவென்று சொல்வது? ஒருவன் துடுப்பை மணலில் வீசினான். நேற்று வாயைத் திறந்து தூங்கியவன்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினான்.

“பேசிப் பாக்கலாமா மச்சான்?” என்றான் மோல்பாஸ். “ஏன்னு சொன்னா புரிஞ்சுக்குவானுங்க.”

“வேணாம். சாடியை ஏத்தச் சொல்லு.”

குடாவுக்குள் ஏதென்ஸ்காரர்கள் இன்னும் சில நாள் தாக்குப்பிடித்தார்கள். தினம் ஒரு தலைவன், தினம் ஓர் ஆடு, தினம் கெட்ட சகுனம். பிறகு ஆடு தீர்ந்துவிட்டது. கெட்ட சகுனம் காட்ட எதுவும் மிச்சமில்லாத அன்று வெளியே வந்தார்கள். குடாவின் வாயில் மாகோனின் உயரமான கப்பல்கள் நின்றன. மதியம் வரை கப்பலால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று கரையில் வெற்றிக் கம்பம் நட்டார்கள். மாகோனின் கப்பல்களில் மூன்று திரும்பவில்லை. மாகோன் திரும்பினான். அவன் பின்னால்தான் நின்றிருந்தான்.

அந்த நேரத்தில் அர்கேசாவின் ஆண்கள் தீவின் மறுபக்கத்தில், ஊற்றுக்கும் கப்பலுக்கும் நடுவே முழங்கால் வரை சேற்றில் நின்று சாடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். சண்டைச் சத்தம் மலைக்கு அப்பாலிருந்து மெல்லக் கேட்டது. கேட்கக் கேட்க அவர்களுக்குக் கோபம் ஏறியது. தெலெசானின் அப்பனைத் திட்டினார்கள், தாத்தாவைத் திட்டினார்கள், அவனைப் பெற்ற நாளைத் திட்டினார்கள். ஊருக்குப் போனதும் கல்லால் அடிப்பதாகச் சொன்னார்கள்.

தெலெசான் கரையில் நின்று, கப்பல் கப்பலாக, அந்தக் குரல்களைக் கேட்டான். ஐந்து கப்பலிலிருந்தும் வசவு வந்தது. எந்தக் கப்பலும் விட்டுப்போகவில்லை.

“அடுத்த சாடி,” என்றான்.